இறால் மேல் விழுந்த பழி

என் தம்பி தையற்காரன். ஊருக்கே அளவெடுப்பவன். தன் உடம்பை மட்டும் வருஷக்கணக்காகத் தப்பாக அளந்து வைத்திருந்தான்.

முன்பு ஒருமுறை சிறுநீரகக் கல்லுக்காக, சாய மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். முடிந்ததும் மனைவி கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்து இறால் வறுவல் தின்றான். கை கழுவுவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் பிழைத்தான். பழி இறாலுக்கும், வறுத்தவளுக்கும் போயிற்று. துணி வெட்டிக்கொண்டே, "இவ என்னை இறால்லயே முடிக்கப் பார்த்தா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அவள் வாணலியைக் கவிழ்த்து வைத்தாள்.

போன மாதம் மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சாய மருந்து ஏற்றிப் படமெடுக்கச் சொன்னார் டாக்டர்.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கேட்டாள். "உங்களுக்கு எதுவாவது ஒத்துக்காதா சார்?"

"இறால்மா. எல்லாம் வீட்டுக்காரி கைராசி."

"எப்போ ஆச்சு?"

"கிட்னி ஸ்கேன் எடுத்த அன்னிக்கு. ரெண்டு வாய்தான் வச்சேன்."

"அதுக்கு முன்னாடி இறால் சாப்பிட்டிருக்கீங்களா?"

"சின்ன வயசுலேர்ந்து. வெளுத்துக் கட்டுவேன்."

அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்குங்க அண்ணி."

அன்று படம் எடுக்கவில்லை. பழைய சாய மருந்தின் மேல்தான் சந்தேகம் என்றார் டாக்டர். படமில்லாமலும் முடியாது. வேறு வகை மருந்து, முந்தின நாளே ஒவ்வாமையைத் தடுக்கும் மாத்திரைகள், பக்கத்திலேயே அவசர ஊசி என்று ஏற்பாடாயிற்று. நேரம் தவறாமல் அவனை விழுங்க வைப்பது என் பொறுப்பு.

"வயிறு எரியுதுக்கா."

"எரியட்டும். மூச்சு நிக்கறதுக்கு இது தேவலை."

மறுநாள் எடுத்தார்கள். ஒரு தடிப்புகூட வரவில்லை. சின்ன அடைப்புதான், மாத்திரை போதும் என்றார்கள். அடுத்த வாரம் இறாலையும் சோதித்துப் பார்த்து, அதன் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை வாணலி நிமிர்ந்தது. தம்பி தட்டையே பார்த்தான். வாய் ஊறியது, கை எழவில்லை.

"நீ ஒண்ணு தின்னு காட்டு" என்றான் மனைவியிடம்.

"ஒண்ணு என்ன," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மென்றுகொண்டே கேட்டாள்: "நாளைக்குக் கடையில என்ன சொல்லப்போறீங்க?"

"சாய மருந்துதான் காரணம்னு சொல்றேன்."

"வறுத்தவ மேல தப்பில்லைன்னும் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாங்க. அப்புறம் உங்களுக்கு வறுக்கறேன்."

தம்பிக்கு வாடிக்கையாளர்கள் அதிகம்.