நடுப்பாதையில் இரண்டு நாற்காலிகள்

பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். அடக்கத் திருப்பலி என்றால் இறந்தவரின் மகன்களுக்கு வலப்பக்க முதல் பெஞ்சு, மகள்களுக்கு இடப்பக்க முதல் பெஞ்சு. சங்ககிரியில் எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோயிலின் விதி இது. எங்கும் எழுதப்படவில்லை, அதனாலேயே யாராலும் திருத்த முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதம். தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலராக இருந்தேன். நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் பிரசங்கம் நின்று, மறுபடி தொடங்கும் கோயில் அது.

லாரி டிரைவர் ஒருவரின் மனைவி இறந்துபோனார். மகன் என்று வளர்த்த ஒரே பிள்ளை திருநங்கையாகி, வீட்டை விட்டுப் போய்ப் பல வருடம். தாய் மட்டும் போனில் பேசுவார், தகப்பன் பேசியதில்லை. அடக்கத்தன்று அந்தப் பெண் வெள்ளைச் சேலையில் வந்து, கோயிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். பெட்டியை மூடுமுன் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பேரவை தாழ்வாரத்தில் கூடியது. அவசரக் கூட்டத்துக்கும் முன்னறிவிப்பு வேண்டும் என்று விதி இருக்கிறது. சாவுக்கு அது தெரியாது.

"சேலை கட்டிக்கிட்டு ஆம்பளைங்க பக்கம் உக்காந்தா ஊரு சிரிக்காதுங்களா?" என்றார் பொருளாளர்.

"எங்க பக்கமும் வேண்டாமுங்க. புள்ளைங்க கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார் மாதா சபைத் தலைவி.

"அப்ப ஏணி போட்டு ஓட்டு மேல உக்கார வெச்சரலாமுங்க" என்றார், பூசைக்கு உதவும் உபதேசியார். யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்குப் புதிதான பங்குத்தந்தை எல்லோருக்கும் தலையாட்டினார். கடைசியில், மறைமாவட்ட ஆயர் இல்லத்துக்கு எழுதி வழிகாட்டுதல் கேட்பது, பதில் வரும்வரை அவள் வெளியே நிற்பது என்று முடிவானது. பதில் வரும்வரை சவமும் காத்திருக்குமா என்று கேட்டேன். கடிதத்தை எழுதச் சொன்னார்கள்.

பெட்டியைக் கொண்டுவந்து நடுப்பாதையில் வைத்தார்கள். கூடவே உள்ளே வந்த தகப்பன் திரும்பி வாசலைப் பார்த்தார். பழைய பெயரைச் சொன்னால் அவளுக்கு வலிக்கும். புதிய பெயர் அவருக்குத் தெரியாது. நல்லவேளை, எங்கள் பக்கத்தில் பெரியவரும் சாமி, குழந்தையும் சாமி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான்.

"உள்ள வா சாமி" என்றார்.

பாதிரியாரும் எங்களுக்குச் சாமிதான். வாசலில் தீர்த்தச் செம்போடு நின்ற பங்குத்தந்தை, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவசரமாக உள்ளே வந்தார். "சொல்லுங்கய்யா."

"உங்களையில்லீங்க சாமி. மரத்தடியில நிக்குதே, அந்தச் சாமியக் கூப்புட்டேனுங்க."

பங்குத்தந்தை செம்பை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு, தானே புங்கமரத்தடிக்கு நடந்துபோய் அவளை அழைத்து வந்தார்.

"எந்தப் பக்கமுங்க?" என்று பொருளாளர் என் காதில் கேட்டார்.

"நடுப்பாதைக்கு விதி ஒன்னுமில்லீங்க" என்றேன். விதி விஷயத்தில் என்னை யாரும் மறுப்பதில்லை. உபதேசியார் இரண்டு நாற்காலிகளைப் பெட்டியருகே போட்டார். அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். அவள் தாயின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு அழுதாள். பூசை பாதியில் மாதா சபைத் தலைவி எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இந்தா சாமி, ஒரு வாய் குடி."

இப்போது சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே பெரிய கோயில். யாரும் எங்கும் உட்காரலாம். இருந்தும் ஞாயிறுதோறும் அந்த ஹாரன் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது. எது சரி, எது பாவம் என்ற வாதம் அன்று தீரவில்லை, இன்றும் தீரவில்லை. அழுகிறவரை உள்ளே கூப்பிட அது தீர வேண்டியதுமில்லை என்பதை மட்டும் அங்கே கண்டேன்.

அந்த ஆண்டு ஆயர் இல்லத்தின் பதிலைப் பங்குத்தந்தை என்னிடம் கொடுத்தபோது கல்லறைத் தோட்டத்தில் நின்றிருந்தோம். இரக்கத்தோடு முடிவு செய்யுங்கள் என்றிருந்தது. சற்றுத் தள்ளி, அப்பாவும் மகளும் ஒரே தீக்குச்சியில் மெழுகுத்திரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், பதில் வந்த நாளைக் கடிதத்தின் ஓரத்தில் குறித்தேன்: நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.