வெறும் பச்சைத் தண்ணி

அந்த சலூன்காரரைத் தெருவே ‘பூக்கை’ என்றுதான் கூப்பிடும். கத்தி கழுத்தில் இறங்குவதே தெரியாமல் பாதிப் பேர் நாற்காலியில் குறட்டை விட்ட காலம் அது.

நாற்பது வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். “ரெண்டு இருக்குல்ல, ரெண்டையும் வெச்சு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?” என்றாள். வந்த உறுப்பை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடக் கூடாதே, அதற்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை. மூன்று வேளையும் விழுங்க வேண்டும். அது சிறுநீரகத்தைக் காத்தது, கையைக் கெடுத்தது. விரல்கள் நடுங்கின. ஒருவர் காதோரம் கீறல் விழுந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. “இனிமே பஞ்சையும் நாங்களே கொண்டு வரணும் போல” என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் கிண்டலடித்தார். பூக்கைக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மெஷினில் முடி வெட்டுவது மட்டும்தான் மிச்சம்.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார். மாத்திரையோடு சேர்த்து ஒரு பச்சை நிறத் திரவம் குடிக்க வேண்டும். கசப்பும் இனிப்பும் சோப்பு வாசனையுமாகக் குமட்டும்.

“சில வாரம் ரெண்டையும் சேர்த்தே எடுங்க. உடம்பு இந்த ருசியை மாத்திரையோட முடிச்சுப் போட்டுக்கும். அப்புறம் ருசி வந்தாலே மாத்திரைதான் வந்திருக்குன்னு அடங்கிப் போகலாம். அப்படி நடந்தா, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பார்ப்போம். நடக்காமலும் போகலாம்” என்றார்.

இரண்டாம் மாதம் மதிய மாத்திரையை நிறுத்தினார்கள், திரவம் மட்டும். அதைப் பூக்கை போனில் அக்காவிடம் சொன்ன விதம்தான் வினையாயிற்று.

“மத்தியானம் மாத்திரை கிடையாதுக்கா. வெறும் பச்சைத் தண்ணிதான்.”

அடுத்த பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை. “வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தேன், அதைக் குழாய்த் தண்ணி ஊத்தி வளர்க்கிறியா? அது என்ன செடியாடா?”

“அந்தப் பச்சை இல்லக்கா, இந்தப் பச்சை” என்று பாட்டிலைக் காட்டி, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னார். அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “கருமம்!” என்று துப்பினாள். அவர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். இருவரும் கடிகாரத்தையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில், மாத்திரையே போடாத அந்த மதியத்தில், விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. பாழாய்ப்போன உடம்பு நல்லதோடு கெட்டதையும் சேர்த்தே படித்துக்கொண்டதே என்று அவருக்கு ஆத்திரம். அக்காவோ அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நடுங்குதுடா! உடம்பு நம்பிடுச்சுடா!”

நடுக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். அக்கா காதில் அது ஏறவே இல்லை. பரிசோதனையும் நன்றாகத்தான் வந்தது.

ஒரு வருஷத்தில் மாத்திரை வெகுவாகக் குறைந்தது, நடுக்கமும் நின்றது. கத்தி மறுபடி வெளியே வந்தது. அக்கா மட்டும் ஆடிப்போனாள். “ஏன்டா நடுங்கல? எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?” ரிப்போர்ட்டைக் காட்டினாலும் நம்பவில்லை. அதனால் வாசலில் அவள் தலை தெரிந்ததும் பூக்கை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறத் தொடங்குவார். நாற்காலியில் இருப்பவர் நுரை பூசிய முகத்தோடு சிரிப்பை அடக்குவார். அக்கா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்காருவாள். பதினோரு வருஷம் நடந்த நாடகம் அது. அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வருஷங்கள் இல்லை.

இருதயம் களைத்து அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

“நடுங்குதா?”

வழக்கம்போல உதறத்தான் நினைத்தார். உதற வேண்டியிருக்கவில்லை, கை தானாகவே நடுங்கியது.