வால்வுக்குள் முளைத்த இறக்கை

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பெக்டரியில், ரப்பர் பால் தொட்டியடியில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் நடுவில், தொட்டியிலிருந்து பாலை இறக்கும் குழாயில் பட்டர்பிளை வால்வு, அதாவது வண்ணத்துப்பூச்சி வால்வு, ஒன்று பூட்டினார்கள். குழாய்க்குள் வட்டமாக ஒரு தட்டு, அதன் நடுவே ஓர் அச்சு. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தண்ணீர்க் குழாயில் இதே மாதிரி வால்வு பல காலமாகத் தொல்லையில்லாமல் இருந்தது.

ஒரே வாரத்தில், மூடிய பிறகும் பால் சொட்டத் தொடங்கியது.

"நீ சரியா மூடுறதில்ல," என்றார் பெக்டரி ஐயா.

"கைப்பிடி குறுக்கத்தானே நிக்குது, வந்து பாருங்க ஐயா," என்றேன். கோபத்தில் குழாய் வேலை பார்க்கும் பிட்டரையும் கூப்பிட்டு, ஐயா முன்னாலேயே கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

தட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் தடித்து ஒட்டியிருந்தது; அதனால் விளிம்பு குழாயோடு சரியாகப் பொருந்தவில்லை. முழுதாகத் திறந்தாலும் அந்தத் தட்டு குழாயை விட்டு வெளியே போவதில்லை. ஓட்டத்தின் நடுவில்தான் நிற்கும். தண்ணீர் அதைக் கடந்து போய்விடும். பால் உறைந்து பிடித்துக்கொள்ளும். பிட்டர் உரித்தெடுத்த இரண்டு துண்டும் அப்படியே இறக்கைகள்.

"வேல முடிஞ்சதும் தண்ணி விட்டு, நாலு தடவ திறந்து மூடினா ஒட்டாதுங்க ஐயா," என்றேன்.

மறுநாள் தொட்டிச் சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வால்வைக் கழுவாமல் போகிறவருக்கு அரைநாள் சம்பளம்தான்.

அந்த வால்வைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான்.