கோமளாவைத் திருப்பி அனுப்பியவள்

கீழ் வீட்டுப் பெண் போன வாரம் கதவைத் தட்டினாள். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறவள். "ஆன்ட்டி, நீங்க நிறைய கதை படிப்பீங்கல்ல, இந்த ஒரு கொஸ்டினுக்கு மட்டும் ஹெல்ப் பண்ணுங்க" என்று சொல்லிப் பையைத் திறந்தாள். புது ரெக்சின் வாசனை குப்பென்று அடித்தது. அவள் நீட்டிய தாளில் இப்படி இருந்தது: 'நாவலில் கோமளாவின் பாத்திரப் படைப்பை விளக்குக.'

முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. கோமளாவை நான் விளக்குவதா? அவளில் கால்வாசி நான்தானே! "தலைவலிம்மா, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன். பாவம், அந்தக் குழந்தை என்ன செய்யும்? நாவலூரில் இந்த ஒன்பதாவது மாடிக்கு வந்தால் பழசெல்லாம் ஏறி வராது என்று நினைத்திருந்தேன். லிஃப்டில் வந்துவிட்டது.

ரெக்சின் எங்கள் பஸ்ஸின் வாசனை. செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகிற ஆபீஸ் பஸ். கிழிந்த சீட்டு, மல்லிப்பூ, யாரோ ஒருத்தியின் டிபன் டப்பாவிலிருந்து கசிகிற புளிசாதம் எல்லாம் கலந்த வாசனை. நான் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தேன். நாளெல்லாம் கவர் ஒட்டுகிற உத்தியோகம். அதற்கும் ஒரு பட்டப்படிப்பு கேட்டார்கள், அதை விடுங்கள்.

ஒருநாள் வழியில் பஸ் மக்கர் செய்து நின்றுவிட்டது. பொழுது போகாமல், கேன்டீனில் வேலை பார்த்த குப்பு அக்கா ஆரம்பித்தார். "ஒருத்தி இருந்தாளாம். மாமியாரு கொறை சொல்லிக்கினே இருந்தாளேன்னு ஒரு வாரம் கொழம்புல உப்பே போடலையாம்."

"யாருக்கா அவ?"

"எவளோ ஒருத்தி. கோமளான்னு வெச்சுக்கோ."

அன்றைக்குக் குப்பு அக்காவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது யார் வீட்டுக் குழம்பென்று. யாரும் கேட்கவில்லை. மறுநாள் லேபில் இருந்த ரெஜினா கதையைத் தொடர்ந்தாள். கோமளா வீட்டுக்குத் தெரியாமல் மாமல்லபுரம் ரோட்டில் ஸ்கூட்டி பழகினாளாம், சவுக்குத் தோப்பில் விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டதாம். ரெஜினா அந்த வாரம் முழுக்க நொண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

அப்படியே வழக்கமாகிவிட்டது. தினம் காலையில் ஒருத்தி முறை. தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததைக் கோமளா செய்ததாகச் சொல்லலாம். குப்பு அக்கா சட்டமே போட்டிருந்தார். இது உன் கதையா என்று கேட்கக் கூடாது. கோமளாவை ஒருத்தி செய்ய வைத்ததை இன்னொருத்தி அழிக்கக் கூடாது. "பஸ்ஸ வுட்டு எறங்கிட்டா கோமளாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. புரிதா?"

என் பக்கத்து சீட்டு வசந்தா. ஸ்டோர்ஸில் வேலை, எனக்கு உயிர்த்தோழி. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதுவாள். தன் முறை வந்தால் நாலு வரியில் முடித்துவிடுவாள், மற்றவர்கள் சொல்லும்போது மட்டும் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். என்ன பாசம் என்று நினைத்துக்கொள்வேன். நான் அவ்வளவு புத்திசாலி!

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால், என்னை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். அம்மாவிடம் சொன்னால், "பத்தரமா வெச்சுக்கிறாரு, அதுக்கும் ஒரு கொறையா?" என்பாள். ஒரு ஞாயிறு பூட்ட மறந்து போய்விட்டார். முதல் சம்பளத்தில் வாங்கிய குக்கரை மட்டும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். துணிமணி எடுக்கத் தோன்றவில்லை பாருங்கள், குக்கர்!

மறுநாள் என் முறை. "கோமளா குக்கரத் தூக்கிக்கினு அம்மா வூட்டுக்கு வந்துட்டா. இனிமே போமாட்டா" என்றேன். குப்பு அக்காதான் கேட்டார்.

"வெயிட்டு எட்த்தாந்தாளா?"

"மறந்துட்டாக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது, வசந்தாதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். அடுத்த நாள் குப்பு அக்கா ஒரு பழைய வெயிட்டைக் காகிதத்தில் சுற்றி என் மடியில் போட்டார். "கோமளாவப் பாத்தா குட்துடு."

அந்தத் தைரியத்தில்தான் நான் நின்றேன். அம்மா தினம் புலம்பினாள், சித்தப்பா சமாதானம் பேச வந்தார். நான் அசையவில்லை. கோமளா போகமாட்டாள் என்று பஸ் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே, நான் எப்படிப் போவேன்?

இரண்டு வருஷம் கழித்து வசந்தா நாவல் போட்டாள். அதற்குப் பரிசு கிடைத்து, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் விழா. எங்களில் யாரும் இன்னும் படித்திருக்கவில்லை. நம்ம பொண்ணு என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வேன் பிடித்துப் போனோம். மேடையில் ஒரு பெரியவர் உருகி உருகிப் பேசினார். "கோமளா மனம் திருந்தி, அதே குக்கரோடு கணவன் வீட்டுக்குத் திரும்பி, அவர் காலைத் தொட்டு, சோறு பரிமாறுகிறாளே, அந்தக் கடைசி அத்தியாயம்!" என்றார். கூடமே கைதட்டியது. வசந்தா எழுந்து, கோமளா தன் கற்பனையில் பிறந்த மகள் என்றாள்.

குப்பு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏய், நம்ம கோமளா எப்படீ திரும்பிப் போனா?"

காபி கொடுக்கிற இடத்தில் வசந்தாவைப் பிடித்தேன். "இன்னாடி இது?"

"கதைடி. வூட்ட வுட்டு வந்தவ அப்டியே நின்னுட்டான்னு முடிச்சா எவன் வாங்குவான்? பதிப்பகத்துல மாத்தச் சொன்னாங்க."

"அது என் வாழ்க்கைடி!"

அவள் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "உன்னுதா? நீ ஒருநாளாச்சும் அப்டி சொன்னியா? கோமளான்னுதான சொன்னே."

எது என்னைக் காப்பாற்றும் என்று நம்பி வாயைத் திறந்தேனோ, அதை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள். பாவி. கண்ணைத் துடைத்துவிட்ட கைதானே அது!

புத்தகம் ஊரெல்லாம் சுற்றியது. பூட்டு, ஞாயிற்றுக்கிழமை, குக்கர் எல்லாம் அப்படியே அதில் இருந்தன. அம்மா எதிர்வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கடைசி வரை கேட்டாள். "கதைலயே அவ திரும்பிப் பூட்டா. உனுக்கு இன்னா கேடு?" ஒரு ஞாயிறு வாசலில் பைக் வந்து நின்றது. அவர்தான். கையில் அந்தப் புத்தகம். சிரித்துக்கொண்டே, "வா கோமளா, போலாம்" என்றார்.

நான் போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டபின், எனக்கு அது வேண்டாமென்று ஆகிவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் என் முறை. வசந்தா மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். குப்பு அக்கா, "சொல்லுடி, இன்னா பண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இவர்களில் அடுத்து எழுதப் போகிறவள் யார் என்று தோன்றியது. ரெஜினா முகத்திலும் அதே யோசனை ஓடியது.

"இன்னிக்கு வெயிலு ஜாஸ்திக்கா" என்றேன்.

"ஆமா, ஜாஸ்திதான்" என்றாள் ரெஜினா. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பஸ்ஸில் நாங்கள் வெயிலைப் பற்றித்தான் பேசினோம்.