எட்டு நாள் தூது

திருவொற்றியூரில் எங்கள் எதிர்வீட்டு அக்காவும் அவர் புருஷனும் சண்டை போட்டால், மூன்று மாடிக்குக் கீழே தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பவர்களுக்கும் கேட்கும். அந்த அண்ணன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஏறினால் கரை திரும்பப் பத்து நாளாகும். நானும் என் வீட்டுக்காரரும் அப்படியில்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வோம். அதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்திருந்த மக்கு நான்.

ஒருமுறை எட்டு நாள் பேசவில்லை. நடுவில் ஏழு வயது மகள்தான் தூது. "சோறு கீதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "வர லேட்டாவும்னு உங்கம்மாகிட்ட சொல்லு." அவளும் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சில நேரம், "கொழம்பு சூப்பரா கீதுன்னு அப்பா சொல்லுச்சு" என்றும் வந்து சொல்வாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வயிற்றுவலி என்று சுருண்டுகொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

எட்டாம் நாள் காலை, "வேணும்னா வந்து துன்னச் சொல்லு" என்று அவளை அனுப்பினேன். வாசலில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"அப்பா, அம்மா உனக்கோசரம் துன்னாம குந்திகினு கீது. வருவியாம்."

நான் நாலு இட்லியை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால், அவர் சொன்னதாக இத்தனை நாளும் அவள் என்னிடம் கொண்டுவந்த நல்ல வார்த்தைகள் யாருடையவை? எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதிர்வீட்டில் அண்ணன் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் பெரிய சண்டை. மனஸ்தாபத்தோடு படகு ஏறக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். திறந்த கதவுக்குள், பிள்ளைகள் இரண்டும் பார்த்திருக்க, "நேத்து கத்துனது என் தப்புதாம்மே" என்றார். "நானுந்தான் கத்தினேன். பாத்துப் போய்ட்டு வா" என்றார் அக்கா. பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு இட்லி தின்றன. இதையெல்லாம் ஏன் பிள்ளைகள் எதிரில் என்று முன்பு ஒருதரம் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "சண்டைய அதுங்க பாத்துச்சில்ல? ராசியானதையும் பாக்கட்டும்" என்றார். அன்று சிரித்தேன். இன்று அக்காவையும் அண்ணனையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஈரக் கையோடு வாசலுக்குப் போனேன். மகள் பார்க்க, "வாய்யா, துன்னலாம். இத்தினி நாள் பேசாம இருந்தது என் தப்பு" என்றேன்.

அவர் மாட்டிய செருப்பைக் கழற்றினார். "என் தப்பும் கீது" என்றார்.

மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இனிமே நான் வந்து சொல்ல வாணாமா?"

"வாணாம்டி."

பையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு படியிறங்கி ஓடினாள். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்ல மறந்துபோனாள்.