முட்டை ஊற்றாத இறைச்சிப் பாண்

எங்கள் மகளுக்கு முட்டை ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைப் பிரட்டுகிற வகை அல்ல. தொண்டை வீங்கி மூச்சை அடைக்கிற வகை. சின்ன வயதில் ஒரு பிறந்தநாள் கேக் துண்டுதான் அதைக் காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேலைகள் பிரிந்துவிட்டன. மூச்சடைத்தால் குத்துகிற ஊசி, மருந்து, வைத்தியர் எல்லாம் மனைவி பார்த்துக்கொள்வாள். பயப்படுவது என்னுடைய வேலை. அதை நான் ஒருநாள்கூட லீவு எடுக்காமல் செய்து வருகிறேன்.

சொந்தக்காரர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. கோயிலில் கண்ட அன்ரி ஒருவர், "எங்கட ஊரில உந்த வருத்தம் ஒண்டும் இருக்கேல்லையே. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினாச் சரிவரும்" என்றார். அந்த அன்ரி வீட்டுப் பக்கம் நான் பிறகு போகவில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்பவை. பக்கத்து வீட்டில் மாசிடோனியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் ட்ரக் ஓட்டுகிறவர். கிழமைக் கணக்கில் ரோட்டில் நிற்பார். அவருடைய மனைவிக்கு எங்கள் மகளில் ஒரு வாரப்பாடு, தனிப் பாசம். மகளும் பள்ளிக்கூடம் விட்டால் பக்கத்து வீட்டு அன்ரியின் பூனையைத் தேடிப் போய்விடுவாள். அந்த வீட்டு வாசனை சுவரைத் தாண்டி எங்களிடம் வந்துவிடும். அதில் ஒன்று அவர்களுடைய பஸ்திர்மாய்லியா. மாவைத் தோணி போல நீட்டி, ஓரத்தை மடித்து, உப்பில் ஊறவைத்த சின்னச் சின்னப் பன்றி இறைச்சித் துண்டுகளை மேலே பரப்பிச் சுடுகிற பாண். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. மகள் தெளிவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

நானும் மகளும் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அன்ரி சுடச்சுட ஒரு துண்டோடு வேலியடிக்கு வந்தார். கணவர் நாளைக்குத் தூரப் பயணம் போகிறார், அவருக்குக் கட்டிக்கொடுக்கச் செய்தது என்றார். நான் ஆங்கிலத்தில் மறுத்தேன். இன்றைக்கு வெள்ளி, நாங்கள் இறைச்சி தொடமாட்டோம், மற்ற நாளிலும் பன்றி சாப்பிடுவதில்லை, மகளுக்கு முட்டை கொடுக்கவே கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. தாங்களும் வெள்ளிக்கிழமை இறைச்சி, முட்டை தொடுவதில்லை என்றார். "அடுத்த முறை கோழியில் செய்கிறேன்" என்று சொல்லி, மகளின் தொப்பியில் கையை வைத்து, "கெட்டிக்காரி" என்றார். பிள்ளை கவனமாக இருப்பதைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பனி கரைந்தது. அவர்களுடைய பெரிய விரதமும் ஈஸ்டரும் வந்து போயின. ஒரு சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் பின்வளவில் காய்ந்த புல்லை வாரிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்து வீட்டில் பூனையோடு இருந்தாள். சமையலறை யன்னலால் அன்ரி என்னைக் கூப்பிட்டார். கோழிப் பாண் தயாராம். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

மேசை நடுவில் அந்தத் தோணி இருந்தது. இறைச்சிக்கு மேலே மஞ்சளாக ஏதோ உறைந்து பளபளத்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தது. மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"துப்பு" என்றேன். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். முதல் கடி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

"அப்பா, தொண்டைக்குள்ள ஏதோ கடிக்குது, இச்சியா இருக்கு."

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரே சுவர் என்று சொன்னேனே, அன்றைக்கு அந்த இரண்டு வாசலுக்கும் இடையில் ஒரு ஊரே கிடந்தது. ஊசிப் பை எங்கள் வாசல் கொளுவியில் தொங்கியது. அதைத் திறப்பதற்குள் அவளுடைய கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் ஏறிவிட்டன, இருமத் தொடங்கினாள். மனைவி ஒரு தோடம்பழத்தில் குத்தக் காட்டித்தந்தது ஞாபகம். தோடம்பழம் அழாது. காற்சட்டைக்கு மேலாகவே தொடையில் குத்திப் பிடித்தேன். என் கையில் பிள்ளை செத்துப்போகும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மனைவி போனில் கேட்டாள். "ஊசி போட்டாச்சோ?"

"ஓம்."

"மூச்சு விடுறாளோ?"

"ஓம். இருமுறாள்."

"அப்ப பயப்பிடாதைங்கோ. நான் நேர அங்க வாறன்." அவளுடைய குரலும் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஊசி வேலை செய்தது. ஆனாலும் இரண்டாம் தரம் வீங்கக்கூடும் என்று கட்டிலிலேயே வைத்துப் பார்த்தார்கள். வெளியே கதிரையில் பக்கத்து வீட்டு அன்ரி இருந்தார். ஏப்ரனோடு டாக்சி பிடித்து வந்திருக்கிறார்; கையில் மா காய்ந்திருந்தது. பேசுவதற்கு ஒரு மூட்டை கோபத்தோடுதான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"விரதம் முடிந்துவிட்டதே" என்றார் அவர். "இவ்வளவு சின்னப் பிள்ளை விரதம் பிடிக்கிறாளே என்று நினைத்தேன். முடியட்டும் என்று காத்திருந்தேன். விருந்தாளிக்குத்தான் நாங்கள் மேலே முட்டை ஊற்றுவோம்."

எனக்கு வேலியடி வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. இறைச்சி, வெள்ளி, முட்டை. விரதம் பிடிக்கிற ஒரு வீட்டுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. கொண்டுபோன கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் அழுதார். நானும் அழுதேன்.

கோடை தொடங்கியபோது அவர் மறுபடி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். எனக்குப் போக மனமில்லை. பொய்க் காய்ச்சல் ஒன்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மகள் அதற்குள் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். அங்கே போனதும் அன்ரி முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். அந்த வீட்டில் இனி முட்டை வாங்குவதில்லையாம். முட்டை இல்லாமல் இது என்ன பாண் என்று முணுமுணுத்த கணவரை ஒரு பார்வையில் அடக்கினார்.

ஊசியை உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் துண்டு மகளுக்கு. அவள் பெரிதாகக் கடித்தாள். நான் அவளுடைய உதட்டைப் பார்த்தேன். மனைவி கழுத்தைப் பார்த்தாள். அன்ரி தன் சங்கிலியில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவர் வாய்வரை கொண்டுபோன துண்டை அப்படியே வைத்திருந்தார்.

மகள் மென்று விழுங்கிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏன் ஒருத்தரும் சாப்பிடேல்ல?" என்று கேட்டாள்.