இரண்டு பிடி மணல்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. வேலை விட்டால் எடை தூக்கும் பயிற்சிக்கு ஓடிவிடுவார். ஆள் பார்க்க வாட்டசாட்டம்தான். ஆனால் இரும்பைத் தலைக்கு மேல் கொண்டுபோனால் போதும், தோள் கிடுகிடுவென்று ஆடும். செம்பட்டியில் ஒரு போட்டியில் பாரம் பின்பக்கமாகச் சரிந்து, மயிரிழையில் தலை தப்பியது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவரோடு போட்டி போடுகிற தோல் மண்டி பாய்தான் வீடு தேடி வந்தார். எதிராளிக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுப்பார்களா!

"மாப்ளே, வெளிய தெரியிற சதையத்தான் வளர்த்துருக்க. தோள்மூட்டைப் பிடிச்சு நிறுத்துற உள்சதைக்குப் பலமே இல்ல. ரெண்டு மாசம் பெரிய எடையத் தொடாத" என்றார்.

அதற்குப் பதிலாகப் பாய் சொல்லிக் கொடுத்த பயிற்சி இதுதான்: ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, சின்ன மணல் பையை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். துண்டு நழுவினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எண்ணுவது என் வேலை. பையைத் தைத்ததும் நான்தான்.

"இம்புட்டூண்டு பையா? பார்த்தாச் சிரிப்பாய்ங்க" என்று என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்.

என் புத்தி சும்மா இருந்ததா? கூடப் போட்டால் சீக்கிரம் பலம் வருமே என்று, அவருக்குத் தெரியாமல் அவ்வப்போது இரண்டு பிடி மணலைச் சேர்த்துத் தைத்தேன். அந்த வருஷப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில், தலை சீவக்கூட அவருக்குக் கை எழவில்லை.

"என் தோளு அம்புட்டுத்தான் போல" என்று பாயிடம் சொல்லிக் கண் கலங்கினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

"யா அல்லா! இது என்ன சோறா தங்கச்சி, ஒரு கரண்டி கூட வைக்க?" என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் என்னை என்ன பாடு படுத்தப் போகிறாரோ என்று பயந்தேன். பையைப் பிரித்து மணலைக் கொட்டினார். வெறும் பையை என்னிடமே நீட்டினார்.

"தோளு தேறட்டும். அப்புறம் நீயே அளந்து போடு. வேற யாரு போட்டாலும் நான் தூக்க மாட்டேன்."

அந்த வருஷப் போட்டி போனது போனதுதான். பாய் ஜெயித்தார், இவர் ஒற்றைக் கையால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறு வருஷம் இவர் கை ஆடாமல் நின்றது.

என் பிள்ளைகள் எதையாவது கெடுத்துவிட்டு வந்து நின்றால், அதே வேலையைத் திரும்ப அவர்களிடம் கொடுக்க இன்றும் எனக்குச் சட்டென்று மனசு வருவதில்லை. அவருக்கு அன்று அரை நிமிஷம்கூட ஆகவில்லை.